170 மில்லிமீட்டரில் ஒரு பீட்டில்

நிஜக் கார் ஒன்றின் மேல் இருக்கும் பெயிண்டின் மொத்தக் கனம், அடியில் இருக்கும் பிரைமரிலிருந்து மேலே இருக்கும் பளபளப்பு வரை எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அந்தக் காரை 24-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பெயிண்டும் அதே அளவு சுருங்க வேண்டும். கணக்குப்படி 0.004 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய பூச்சை, காற்றோடு பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் எதனாலும் தர முடியாது. எவ்வளவு கவனமாக அடித்தாலும், மாடல் காரின் மேல் ஏறும் பூச்சு, நிஜக் காரின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலாகப் பெயிண்டை அப்பியதற்குச் சமமாகிவிடுகிறது. கதவு இடுக்குகள் தூர்ந்துபோகின்றன, டிக்கியில் இருக்கும் எழுத்து மழுங்கிப்போகிறது, ஓரங்கள் எல்லாம் உருண்டுவிடுகின்றன. பார்த்தவுடனே பொம்மை என்று கண் சொல்லிவிடுவது இதனால்தான். பாகங்கள் குறைவாக இருப்பதால் இல்லை.

இந்த வோக்ஸ்வாகன் பீட்டில் மாடலைக் கட்டும்போது ஆரம்பம் முதல் கடைசி வரை என் மனதில் இருந்தது இந்த ஒன்றுதான்: எங்கெல்லாம் கனத்தைக் குறைக்கலாம்? கூடுதல் பாகங்கள் வாங்கி ஒட்டுவதைவிட, இருப்பதை மெலிய வைப்பதுதான் மாடல் காரை நிஜமாக்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிட், அதாவது பாகங்களாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் பெட்டி, டாமியா நிறுவனத்தின் 1/24 வோக்ஸ்வாகன் 1300 பீட்டில், 1966ஆம் ஆண்டு மாடல். நிஜக் காரின் நீளம் 4.07 மீட்டர். மேசை மேல் அது 170 மில்லிமீட்டர். 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி இறங்கும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் தயாரான கார் இது. ஆனால் எல்லா பீட்டிலும் ஒன்று இல்லை. 1966 மாடலுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. அந்த ஆண்டுதான் சக்கரத்தில் காற்றுத் துளைகள் வந்தன, சக்கர மூடி தட்டையானது, பின்னால் 1300 என்ற எழுத்து ஏறியது. முன்விளக்குக் கண்ணாடி இன்னும் மட்கார்டின் வளைவோடு சாய்ந்துதான் இருந்தது. நிமிர்ந்த விளக்கு ஐரோப்பிய வண்டிகளுக்கு 1967 ஆகஸ்டில்தான் வந்தது. இணையத்தில் படம் பார்த்துச் செய்பவர்கள் முதலில் வண்டியின் வருடத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சாய்ந்த விளக்கோடு 70-களின் பம்பரைப் பார்த்தால் பீட்டில் தெரிந்தவர்களுக்கு உடனே உறுத்தும்.

பீட்டிலை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் பெரியப்பா. அவர் கேலாங் பக்கம் ஒரு பட்டறையில் கார் பெயிண்டராக வேலை பார்த்தவர். வோக்ஸ்வாகன், மோரிஸ், ஆஸ்டின் என்று அந்தக் காலத்துச் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடிய வண்டிகள் எத்தனையோ அவர் கையால் நிறம் மாறியிருக்கின்றன. இப்போது அங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்கு அடுத்த புளோக்கில் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கினாலும், பூச்சைப் பார்க்கும் கண் மங்கவில்லை. கிட்டின் பெட்டியைத் திறந்து வெறும் வெள்ளை உடலை அவர் கையில் கொடுத்தபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வண்டில சமமான இடமே கெடையாது. எங்க கை நின்னாலும் அங்க பெயிண்டு வழியும். நிக்காம போய்க்கிட்டே இருக்கணும்" என்றார். பீட்டிலைப் பற்றி இதைவிட உபயோகமான ஒரு குறிப்பை நான் எங்கும் படித்ததில்லை.

பெயிண்டுக்கு முன்னால் உடல். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உடலின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. நிஜ அளவில் அது 24 மில்லிமீட்டர் தகடு, கவச வண்டிக்குப் போடும் கனம்! உடல் முழுவதையும் சுரண்டத் தேவையில்லை, முடியவும் முடியாது. கண்ணுக்குத் தெரியும் விளிம்புகள் மட்டும் போதும். மட்கார்டின் உள்வளைவு, சன்னல் சட்டங்களின் உள்விளிம்பு, பின் மூடியின் ஓரம். வளைந்த கத்தியை உள்பக்கம் சாய்த்துப் பிடித்து, வெட்டாமல் சுரண்டிக்கொண்டே வந்தால் விளிம்பு மட்டும் கூர்மையாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முழு உடலும் மெல்லிய தகடு போலத் தோன்றும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, ஆனால் ஒரு காசு செலவில்லை. இந்த முழு வேலையிலும் இதற்குக் கிடைத்த பலன் வேறு எதற்கும் கிடைக்கவில்லை.

அடுத்தது கதவு, பானட், டிக்கி இடுக்குகள். நிஜக் காரில் இடுக்கு 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். நமக்கு 0.2 மில்லிமீட்டர். இங்கே அகலத்தில் கை வைக்கக் கூடாது, ஆழத்தைத்தான் கூட்ட வேண்டும். மேலே வரப்போகும் எல்லாப் பூச்சும் இந்த இடுக்குக்குள்தான் இறங்கும். ஆழம் இருந்தால் அது விழுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் இடுக்கு வெறும் கீறலாகிவிடும். மெல்லிய கோடு கீறும் கருவியால் அழுத்தம் இல்லாமல் பலமுறை ஓட்டினேன். அழுத்தினால் கருவி பாதை மாறி உடலின் மேல் ஓடிவிடும். வளைவுகளில் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, அதன் ஓரத்தை வேலியாக வைத்துக்கொண்டால் பயமில்லை.

அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு மட்கார்டுகளின் மேல் மெலிதாக ஓடும். அதை 800 எண் உப்புத்தாளிலும் அப்புறம் 1000-லும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்தேன். இந்த இடத்தில் பட்டி தேவைப்படவில்லை.

இனி பெயிண்ட். இங்கேதான் சிங்கப்பூர் உள்ளே வருகிறது.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் வருடச் சராசரியாக 82 விழுக்காடு. விடியலுக்குச் சற்று முன்னால் 90-ஐத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். லாக்கர் பெயிண்டுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். லாக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது, பூசிய இடம் சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், குளிர்ந்த அந்தப் பூச்சின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கின்றன. பூச்சு பால்போல் வெளுத்துப்போகிறது. பெரியப்பாவின் பட்டறையில் இதை 'வெள்ளை பூத்துடுச்சு' என்பார்களாம். அப்போது செல்லுலோஸ் பெயிண்ட், அதுவும் லாக்கர் வகைதான். "மழை இருட்டுனா முதலாளியே வந்து கன்னைக் கீழ வைக்கச் சொல்லிடுவாரு. அவசர வண்டின்னாலும் அடிக்க மாட்டோம்."

நானும் அதே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறேன். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மட்டுமே ஏர்பிரஷ். பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்று, பெயிண்ட் அடிக்கும் சாவடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. 70-க்கு மேல் காட்டினால் வேறு வேலை பார்ப்பேன், எஞ்சின், இருக்கை என்று வேலைக்கா பஞ்சம்? டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது உடலுக்குப் பெயிண்ட் அடிக்கும் திட்டமே வைத்துக்கொள்வதில்லை. பிப்ரவரிதான் வருடத்தில் வறண்ட மாதம், இந்த பீட்டிலுக்கும் பிப்ரவரியில்தான் நிறம் ஏறியது. தின்னரையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண லாக்கர் தின்னருக்குப் பதில், மெதுவாக உலரச் செய்யும் மருந்து கலந்த மிஸ்டர் லெவலிங் தின்னரைப் பயன்படுத்துகிறேன். பூச்சு கொஞ்ச நேரம் ஈரமாகவே இருப்பதால், தானே சமமாகப் பரவிக்கொள்ளவும் நேரம் கிடைக்கிறது.

ஈரப்பதம் மட்டும் இல்லை. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் சன்னலைத் திறந்து அடித்தால் துகள்கள் வந்து ஒட்டும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே காகிதங்களை எரிக்கும்போது மெல்லிய சாம்பல் மாடி வரை மிதந்து வரும். அந்த நாட்களில் பெயிண்ட் வேலையைத் தள்ளிவைத்துவிடுவேன். அவரவர் வழிபாடு அவரவர்க்கு, நம் பெயிண்ட் ஒரு வாரம் காத்திருக்கலாம்.

வீவக அடுக்குமாடி வீட்டில் எங்கே அடிப்பது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில்தான் என் சாவடி. விசிறி வைத்த மடிப்புப் பெட்டி, அதிலிருந்து சன்னலுக்கு ஒரு குழாய். அடிப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்க்கிறேன். அடுப்பில் நெருப்பு இல்லை, சாமி விளக்கு எரியவில்லை, கீழ்மாடியில் கழியில் துணி காயவில்லை. லாக்கர் ஆவி எளிதில் தீப்பற்றும், விளையாட்டில்லை. முகத்துக்கு மருத்துவமனை முகக்கவசம் போதாது. ரசாயன ஆவியை வடிகட்டும் கரித் தகடு பொருத்திய கவசம்தான் வேண்டும். பொது நடைபாதையில் ஸ்பிரே அடிப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது அண்டை வீட்டுக்காரர் மூச்சு விடும் இடம்.

நிறம் ஜாவா பச்சை. வோக்ஸ்வாகனின் நிறப் பட்டியலில் எல் 518. அந்த வருடத்து நிறங்களில் பஹாமா நீலமும் ரூபி சிவப்பும் அழகுதான், ஆனால் இந்த ஆழமான பச்சையில் குரோம் கோடு எடுப்பாகத் தெரியும். டாமியா எல்பி வரிசைப் பச்சையில் கொஞ்சம் நீலமும் துளி கறுப்பும் சேர்த்து, பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் அடித்துப் பார்த்தேன். கரண்டியின் முதுகு பீட்டிலின் கூரை மாதிரியே வளைந்திருப்பதால் சோதனைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. நிறத்தைக் குழல்விளக்கில் முடிவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில், நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று பார்க்க வேண்டும். சிறிய பொருளில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், அதனால் வெள்ளை கலக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. போர் விமானத்துக்கு அது சரியாக இருக்கலாம். பளபளக்கும் காருக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வெள்ளை கலந்த கரண்டியைப் பார்த்த பெரியப்பாவும், "இது வெயில்ல பத்து வருசம் நின்ன வண்டிடா" என்று ஒதுக்கிவிட்டார்.

பூச்சு முறைக்கு வருகிறேன். பிரைமர், நிறம், மேலே நிறமில்லாமல் பளபளப்பு தரும் கிளியர் என்ற மூன்றும் சேர்ந்து இடுக்கை மூடாமல் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் கஞ்சத்தனம் வேண்டும். பிரைமரைப் பெயிண்டுக்குப் பிடிப்பு தரும் அளவுக்கு மட்டும் தூவினேன். அது உலர்ந்ததும் 1500-ல் லேசாகத் தேய்த்து, மேலே நிற்கும் பொருக்கை எடுத்துவிட்டேன். நிறத்தில் பெயிண்டைவிடத் தின்னர் சற்று அதிகம், காற்றழுத்தம் 1 பார் அளவு, 0.3 மில்லிமீட்டர் ஊசி. முதல் கோட்டில் பச்சை தெரியவே கூடாது, ஏதோ புகை படிந்த மாதிரி இருந்தால் போதும். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். ஓரங்களிலும் மட்கார்டு மடிப்புகளிலும் முதலில் மெலிதாக ஓட்டிவிட்டு, அப்புறம்தான் பரந்த இடங்களுக்கு வர வேண்டும். கடைசிக் கோட்டை மட்டும் ஈரமாக, ஒரே ஓட்டமாக. "மொதக் கோட்லயே நெறம் வரணும்னு ஆசப்படாத. நெறம் அதுவா வரும்" என்று பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

கிளியர் கோட்டைப் பலர் கண்ணாடி போல் தடிமனாக ஏற்றிவிடுகிறார்கள். புகைப்படத்தில் அது கவரும். கையில் எடுத்துப் பார்த்தால் மிட்டாய் உறை போட்ட மாதிரி இருக்கும். 1966-ல் பீட்டில் ஆலையிலிருந்து வந்தபோது அதற்குத் தனியாகக் கிளியர் கோட் கிடையாது, சூளையில் சுட்ட ஒற்றை நிறம்தான். அதன் பளபளப்பு ஆழமாக இருக்கும், ஆனால் ஈரம் சொட்டுவது போல் இருக்காது. அதனால் தேய்த்து மெருகேற்ற இடம் தரும் அளவுக்கு மட்டும் கிளியர் அடித்தேன்.

உலர்வதற்கு அவசரமே கூடாது. இங்கே நிறையப் பேர் வீட்டில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரம் நீக்கும் அலமாரி வைத்திருப்பார்கள். பழைய அலமாரி ஒன்றை மாடல்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன், உள்ளே ஈரப்பதம் 45. கேமராவும் பெயிண்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, தின்னர் ஆவி லென்ஸுக்கு ஆகாது. பூச்சு உலர்ந்ததா என்று பார்க்க மூக்குதான் கருவி. மூடிய டப்பாவில் ஓரிரவு வைத்து, திறந்தவுடன் மோந்து பார்த்தால் தின்னர் வாடை இருக்கக் கூடாது. வாடை இருந்தால் இன்னும் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மெருகேற்றினால் சில வாரம் கழித்து, உப்புத்தாள் கீறல்கள் மறுபடி மேலே வரும்.

மெருகு வேலை 2000-ல் தொடங்கி 3000, அப்புறம் டாமியா காம்பவுண்ட். சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி என்று அதே வரிசையில். மடிப்புகளின் மேலும் ஓரங்களிலும் மெல்லிய டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் நிறம் வரை தேய்ந்துபோகாது. இங்கே எப்போது நிறுத்துவது என்பதற்கு பெரியப்பா ஒரு சோதனை வைத்திருக்கிறார். உடலைக் குழல்விளக்கின் கீழ் பிடித்து, கூரையில் தெரியும் பிம்பத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் நடுங்கினால் பூச்சு இன்னும் ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளமாக இருக்கிறது. நேராக ஓடினால் விட்டுவிடலாம். நிஜ வண்டியில் நாற்பதாண்டு செய்த சோதனை 170 மில்லிமீட்டரிலும் அப்படியே வேலை செய்கிறது!

இப்போது குரோம் வேலை. பீட்டிலின் இடுப்பைச் சுற்றியும் பானட்டின் நடுவிலும் ஓடும் பட்டை நிஜத்தில் ஒரு விரலுக்கும் குறுகல். நமக்கு அரை மில்லிமீட்டர். வெள்ளிப் பெயிண்டைப் பிரஷ்ஷால் இழுத்தால் அது சாம்பல் நிறக் கோடாகத்தான் இருக்கும். பேர் மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் உலோகத்தாள்தான் இதற்கு வழி. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித்தாளைப் போல, விரல் பட்டாலே சுருண்டுகொள்ளும் அளவு மெல்லியது. பட்டையைவிட மூன்று மடங்கு அகலமாக வெட்டி, மேலே வைத்து, முனை மழுக்கிய பல்குச்சியால் நடுவிலிருந்து இருபக்கமும் தடவிக்கொண்டே போனால், அடியில் இருக்கும் மேடு அப்படியே எழுந்து தெரியும். அப்புறம் புதிய கத்தி. புதிய என்றால் அன்று உறை பிரித்த கத்தி. பெயிண்டை வெட்டாமல் தாளை மட்டும் வெட்டும் அழுத்தம் கைக்குப் பழக, கரண்டிகளில் ஒட்டி வெட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்கு வந்தேன். இந்த ஈரக் காற்றில் தாளின் பசை சீக்கிரம் கெடுகிறது. வாங்கியவுடன் சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கி மூடி வைத்தால் நெடுநாள் வரும்.

டிக்கியில், அதாவது பீட்டிலின் பின்னால் இருக்கும் எஞ்சின் மூடியில், இருக்கும் 1300 எழுத்துக்கு வேறு தந்திரம். பிரைமர் அடித்த பிறகு, நிறம் அடிப்பதற்கு முன்னாலேயே, அந்த எழுத்தின் மேல் ஒரு துண்டு தாளை ஒட்டி நன்றாக அழுத்திவிட வேண்டும். அதன் மேல் பச்சை அடித்தாயிற்று. பூச்சு இறுகியதும், தின்னர் தொட்டுப் பிழிந்த துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, எழுத்துகளின் தலையில் மட்டும் மெதுவாகத் தேய்த்தால் பச்சை விலகி உலோகம் வெளிவருகிறது. எழுத்து எத்தனை சிறியதாக இருந்தாலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். கிளியர் கோட் இதற்குப் பிறகுதான்.

கிட்டில் வரும் பம்பர்களின் குரோம் பளிச்சென்றுதான் இருக்கிறது, ஆனால் தடிமன். அச்சுக்கோடும் அதன் அடியில் புதைந்து கிடக்கிறது. துணி வெளுக்கும் பிளீச்சில் மூடிய டப்பாவுக்குள் ஊறப்போட்டால் குரோம் கரைந்துவிடும். வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். கோட்டைத் தேய்த்து எடுத்து, பளபளப்புக் கறுப்பு அடித்து, அது நன்றாக உலர்ந்ததும் அல்கிளாட் என்ற குரோம் பெயிண்டை மெல்லிய மூடுபனியாகத் தூவினேன். இங்கேயும் அதே பாடம்தான். குரோம் குறைவாக ஏறினால்தான் குரோம், அதிகம் ஏறினால் வெறும் வெள்ளிப் பெயிண்ட்.

எஞ்சினுக்கு வந்தால் நேரம் போவதே தெரியாது. காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர், 1285 சிசி, பின்னால் படுத்திருக்கிறது. விசிறிக் கூடும் எண்ணெய்க் காற்றுவடிகட்டியும் கறுப்பு. கிட் தரும் பாகங்கள் போதுமானவை, இல்லாதது கம்பிகள்தான். ஸ்பார்க் பிளக் கம்பி நிஜத்தில் 7 மில்லிமீட்டர், நமக்கு 0.3. சிம் லிம் டவரில் எனாமல் பூசிய 0.3 மில்லிமீட்டர் செப்புக் கம்பிச் சுருள் கிடைக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மெல்லிய துளையிட்டு, நான்கு கம்பிகளைச் சொருகி, மங்கலான கறுப்பு அடித்தேன். பீட்டிலின் எரியும் வரிசை 1-4-3-2. வண்டியின் வலப்பக்கம் 1, 2, இடப்பக்கம் 3, 4. முன்பக்கத்தில் இருப்பவை 1-ம் 3-ம். கம்பிகளை அதே வரிசையில் அந்தந்த சிலிண்டருக்குக் கொண்டுபோனேன். மேலே மூடி வந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். எனக்குத் தெரியும், பட்டறையில் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

உள்ளே அதிக வேலையில்லை. டாஷ்போர்டு உலோகம் என்பதால் உடலின் அதே பச்சை, இருக்கைகள் மங்கலான வெளிர் சாம்பல், தரைக்கு எம்பாஸிங் பவுடரைப் பசை மேல் தூவிக் கம்பளம். அந்தப் பவுடரும் சிறிய பிரஷ்களும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் இருக்கும் ஆர்ட் ஃபிரெண்டில் வாங்கியவை. சக்கரத்தின் துளைகளுக்குள் கறுப்பு ஓடவிட்டேன். டயரின் தரை தொடும் இடத்தை உப்புத்தாளில் லேசாகத் தட்டையாக்கினால் வண்டிக்கு எடை வந்துவிடுகிறது.

எண் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூர் வண்டியாகிறது அதனால்தான். 60-களில் இங்கே தனியார் கார்களுக்கு எஸ் எழுத்தில் தொடங்கும் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ, அப்புறம் எண்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து. இப்போது எண்ணுக்குப் பின்னால் வரும் கடைசி எழுத்து அன்றைய பலகைகளில் கிடையாது. பழைய வண்டிக்கு அந்த எழுத்தைப் போட்டுவிட்டால் காலமே மாறிவிடும். புதிய வண்டி செய்பவர்களுக்கோ அந்த எழுத்து கட்டாயம், அதுவும் இஷ்டத்துக்குப் போட முடியாது. அது ஒரு கணக்கு. எஸ்பிஏ 1234 என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு எழுத்துகளின் அகரவரிசை எண்கள் 2, 1. அவற்றோடு நான்கு இலக்கங்களையும் சேர்த்து, வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 52. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 14. ஒவ்வொரு மீதிக்கும் ஓர் எழுத்து நிர்ணயித்திருக்கிறார்கள், 14-க்கு ஜி. ஆக எஸ்பிஏ 1234 ஜி. ஐ, ஓ, கியூ போன்ற சில எழுத்துகள் கடைசியில் வரவே வராது. மாடல் காரில் தவறான எழுத்தைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பலகையையும் மெல்லியதாகத்தான் செய்தேன். பிளாஸ்டிக் தகட்டில் டெக்கல் என்ற ஒட்டுப்படத்தை ஒட்டினால் நிஜத்தில் அது செங்கல் கனம். குளிர்பான டின்னின் அலுமினியத்தைக் கத்தரித்து, உப்புத்தாளில் ஓரம் தேய்த்து, கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளை எழுத்து டெக்கல். டெக்கலின் படலம் தெரியாமல் இருக்க அதை மென்மையாக்கும் மைக்ரோ சோல் திரவத்தைத் தடவி இறுக்கி, அதன் மேல் ஒரே ஒரு மங்கல் கோட். எழுத்து உயரம் 3 மில்லிமீட்டர் வாக்கில் வருகிறது. மூக்குக்கண்ணாடி இல்லாமலே பெரியப்பா படித்தார்.

எஞ்சின் மூடியைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவருக்குத் திறந்திருக்க வேண்டும். "கம்பி இழுத்த வேலய மூடி வச்சா எப்படிடா?" எனக்கு அந்த முதுகு வளைவு கூரையிலிருந்து பம்பர் வரை உடையாமல் ஓட வேண்டும், பீட்டிலே அதுதானே. "மூடினாத்தான் பெரியப்பா உங்க பெயிண்டு முழுசாத் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன், அவர் மசியவில்லை. கடைசியில் மூடியை ஒட்டாமல், கீல் இடத்தில் மெல்லிய காந்தத் துண்டு ஒன்றை உள்ளே பதித்து, எடுத்து வைக்கிற மாதிரி செய்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டி அவர் வீட்டு வரவேற்பறையில், வெயில் நேரே படாத பக்கம் இருக்கிறது. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறினால் மாற்ற வேண்டும். டயரின் கீழே அலுமினியத் துண்டு வைத்திருக்கிறேன். சில கிட்டுகளின் மென்மையான டயர்கள் இந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் தளத்தோடு வினைபுரிந்து அதைக் கரைத்துவிடும், எந்த வண்டியாக இருந்தாலும் அந்தத் தடுப்பு அவசியம். அவர் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் மூடி திறந்திருக்கிறது. அடுத்ததாக ஒரு மோரிஸ் மினி, அதன் கூரைக்கு வெள்ளை, உடலுக்கு எந்தப் பச்சை என்று கரண்டிகளில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.